சதாசிவம் வழக்கும் நமது லயத்துத் தாய்மாரும்

கொழும்பு பம்பலப்பிட்டியில் சென்ட் அல்பன்ஸ் பிளேஸ் என்றொரு சிறு வீதி உண்டு. 1951 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9 ஆந் திகதி, செவ்வாய்க்கிழமை பிற்பகலில், அவ்வீதியின் 7 ஆம் இலக்க வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஓர் அம்மையார் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவர் கழுத்தின்மீது ஒரு மர உரல் கிடந்தது. நான்கு பெண் குழந்தைகளின் தாய் அவர். மூத்த குழந்தைகள் அன்று காலை பள்ளிக்கூடம் போயிருந்தார்கள்.

இலங்கை நீதிமன்ற வரலாற்றில் 'சதாசிவம் வழக்கு' என்று பெயர்பெற்ற வழக்கின் தொடக்கம் இது. இறந்தவர் திருமதி சதாசிவம். எதிரிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் அவருடைய கணவர் மகாதேவா சதாசிவம். கொலை வழக்குகள் எதிரியின் பெயரால் வழங்குவது சட்டப் புத்தகங்களின் வழமை; அதிலே குறைகாண நாம் வரவில்லை. ஆயினும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வழக்கைப் பற்றிப் பேசியவர்களும் எழுதியவர்களும் பேசியது பெரும்பாலும் இருவரைப் பற்றியே. ஒருவர் கணவர், மற்றவன் அவ்வீட்டு வேலைக்காரன். அந்த இருவரில் எவன் என்னும் கேள்வி அத்தனை ருசியுள்ளதாக இருந்தபடியால், இறந்துபோன தாய் விரைவிலே கதையினின்றும் நழுவிவிட்டாள். இக்காலத்தில் இவ்வழக்கைத் தொலைபேசித் திரையில் கதையாகக் கேட்டுவிட்டு வரும் நமது மாணவரும் முதலிற் கேட்பது, "உண்மையில் யார் சேர் கொன்றது?" என்பதுதான். அந்த நான்கு பிள்ளைகளும் பிறகு யாரிடம் வளர்ந்தார்கள் என்று இதுவரை ஒரு மாணவனாவது நம்மிடம் கேட்டதில்லை.

வழக்கை அறியாத இளைஞருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். சதாசிவம் அந்நாளில் நாடறிந்த கிரிக்கெட் வீரர். 1947 இல் சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தவர்; 1948 இல் இலங்கை அணிக்குத் தலைவராக இருந்தவர். மனைவியார் செல்வக் குடும்பத்துப் பெண். இல்லறம் நல்லறமாக நடக்கவில்லை. கணவர் வேறொரு பெண்ணை விரும்பினார். மனைவியார் விவாகரத்துக் கோரி நீதிமன்றம் சென்றிருந்தார். அப்படியிருந்தும் ஒக்டோபர் 8 ஆந் திகதி இரவு கணவர் அவ்வீட்டிலேதான் தங்கினார். மறுநாள் முற்பகல் பத்தரை மணியளவில் வாடகைக் கார் ஒன்றில் ஏறி அவர் வெளியேறினார். அம்மையார் இறந்தது அதற்கு முன்னா, பின்னா? வழக்கு முழுவதும் இந்த ஒரு மயிரிழையிலே தொங்கியது.

வீட்டில் அன்று வேறொருவனும் இருந்தான். வில்லியம் என்னும் சிங்கள இளைஞன். வயது இருபதைத் தாண்டவில்லை. தென்னிலங்கைக் கிராமமொன்றிலிருந்து வேலைக்கு வந்தவன். அவ்வீட்டில் அவன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரமும் நிறையவில்லை. அன்று வீட்டை விட்டுப் போனவனைப் பொலிசார் பின்னர் பிடித்தனர். அம்மையாரின் நகைகள் சில அவன் கைக்கு வந்திருந்தன. அவன் சொன்ன கதை இது: எசமான் மாடியறையில் வைத்து மனைவியின் கழுத்தை நெரித்தார், தான் உடனிருந்து உதவினான், பிறகு உடலைக் கீழே இறக்கிக் கொட்டகையிலே போட்டார்கள், நகைகள் அதற்குக் கிடைத்த கூலி. முடிக்குரிய தரப்பு அவனுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு அளித்துச் சாட்சியாக்கியது.

கூட்டுக் குற்றவாளி ஒருவனுடைய சாட்சியத்தை மாத்திரம் நம்பி ஒருவரைத் தண்டிப்பது அபாயம் என்பது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்திலிருந்து நமது நீதிமன்றங்கள் கைக்கொண்டு வரும் எச்சரிக்கை. ஆகவே வில்லியத்தின் வாய்ச்சொல்லுக்கு வேறு ஆதாரம் தேவைப்பட்டது. அந்த ஆதாரத்தைத் தேடி எல்லோரும் போனது இறந்த தாயின் உடலுக்கே. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்ட வைத்தியப் பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரம், உடலின் சூடு குறைந்த அளவையும் பிறவற்றையும் கொண்டு, கணவர் வீட்டில் இருந்த நேரத்தோடு பொருந்தும்படி மரண நேரத்தைக் கணித்தார். எதிரிக்காக வாதாடிய கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா அந்தக் கணிப்பை ஒவ்வோர் இழையாகப் பிரித்தார். எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வரவழைக்கப்பட்டார். நியூசிலாந்திற் பிறந்து, எகிப்தில் வேலைபார்த்து, உலகப் பெயர் பெற்ற சட்ட வைத்திய நிபுணர் அவர். மரண நேரத்தை அத்தனை துல்லியமாகச் சொல்ல இயலாது என்றார். அம்மையாரின் உள்ளங்கால்களிலே படிந்திருந்த அழுக்கு அவர் கவனத்தை ஈர்த்தது. மாடியறையிலே இறந்தவளின் பாதத்தில் அந்த அழுக்கு ஏது? செருப்பில்லாமல் சமையற்கட்டில் நடமாடியவளின் பாதமல்லவா அது? அப்படியாயின் கொலை நடந்த இடம் அடுப்படி. அடுப்படியில் இருந்தவன் வேலைக்காரன். வில்லியத்தின் உடம்பிலே காணப்பட்ட கீறல்களும் அந்தப் பக்கமே சாய்ந்தன. இவ்வழக்கைப் பற்றிச் சேர் சிட்னி தமது சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். 1959 இல் அந்நூல் வெளிவந்தது.

நீதியரசர் நொயெல் கிரேஷன் முன்னிலையில் விசாரணை 57 நாட்கள் நடந்தது. 1953 ஆம் ஆண்டு யூன் மாதம் 25 ஆந் திகதி ஜூரிமார் ஒருமனதாகச் சதாசிவத்தைக் குற்றமற்றவர் என்று கண்டார்கள். இருபது மாத காலம் மறியலில் இருந்தவர் அன்று விடுதலையானார். அத்தீர்ப்பை மறுபடி விசாரிக்கும் தகுதியும் விருப்பமும் நமக்கில்லை. அவர் பின்னர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய், அங்கெல்லாம் அணித்தலைவராகக் கிரிக்கெட் ஆடி, தாம் விரும்பிய பெண்ணை மணந்து, 1977 இல் காலமானார். வில்லியமோ ஏற்கெனவே மன்னிப்புப் பெற்றவன். ஆக, ஒரு தாய் கொல்லப்பட்டாள் என்பதில் ஒருவருக்கும் ஐயமில்லை. அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவுமில்லை.

வழக்கின் ஓரத்திலே கிடக்கும் ஒரு செய்தியை இங்கே சொல்லாமற் போக மனம் வரவில்லை. இறந்தபின் உடல் எவ்வளவு வேகத்திற் குளிர்கிறது என்பதைப் பற்றிப் பேராசிரியர் டி சேரமும் அவருடைய துணைவர் இருவரும் 1955 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகெங்கும் சட்ட வைத்தியர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு அது. இறந்த நேரம் நிமிடக் கணக்கில் நிச்சயமாகத் தெரிந்த உடல்கள் அதற்குத் தேவை. அத்தகைய உடல்கள் எங்கே கிடைக்கும்? தூக்குமரத்தில் கிடைக்கும். தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல்களிலே வெப்பமானி வைத்து அளந்த அளவுகளே அந்த ஆய்வு. விஞ்ஞானத்துக்கு அதனால் நன்மை உண்டானது மெய். அந்த 41 பேரையும் பெற்றவர்கள் 41 தாய்மார் என்பதும் மெய்.

நிற்க. கொழும்புச் சீமான் வீட்டுக் கதையைப் பதுளையில் இருந்துகொண்டு நாம் ஏன் எடுத்தோம் என்று வாசகர் கேட்கலாம். அந்த வீட்டிலே நம்மவர் நின்றிருக்கக்கூடிய இடம் எது என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். எசமானின் இடம் நமக்கு இல்லை, அடுப்படி இருக்கிறது. 1924 இல் இருப்புப்பாதை பதுளைக்கு வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றிச் சென்ற அதே வண்டியில் நமது லயத்துப் பிள்ளைகளும் கொழும்பு வீடுகளுக்கு ஏறிப் போயினர். பசறை, நமுனுகுல, மடுல்சீமை, லுணுகலை, தெமோதரை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கம் போனாலும், 'கொழும்பில ஒரு வீட்டில நிக்குது' என்று சொல்லும் தாய் ஒருத்தியை அந்நாளிலே சந்திக்கலாம். 'வேலை செய்கிறது' என்று சொல்ல மாட்டாள். 'நிக்குது' என்பாள். எவ்வளவு பொருத்தமான சொல்! அந்த வீட்டில் உட்கார இடமில்லையே.

வேலைக்காரரைச் சந்தேகத்தோடு பார்க்கும் வழக்கம் நமது நாட்டிலே சட்டமாகவே இருந்தது. வீட்டு வேலைக்காரரைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1871 ஆம் ஆண்டினது. அதன்படி அவர்கள் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டியவர்கள். வீட்டிலே ஒரு மோதிரம் காணாமற் போனால் முதலிற் கேட்கப்படுபவன் யாரென்பது நாம் சொல்லி வாசகர் அறிய வேண்டியதில்லை. சதாசிவம் வழக்கிலோ கேள்வி மோதிரத்தைப் பற்றியதன்று. ஒருவர் குற்றவாளி என்றால் மற்றவர் தப்புவார். கணவரைக் காப்பாற்ற உலகப் புகழ்பெற்ற நிபுணர் கடல் கடந்து வந்தார். நாட்டின் தலைசிறந்த நியாயவாதி எழுந்து நின்றார். எதிரியின் உரிமை அது, அதைக் குறைகூறவில்லை. எனினும் அந்த 57 நாட்களும் வேலைக்காரப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருக்குப் பத்திரிகை எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம். அக்காலத்துத் தோட்டத்துத் தாய்மாரில் பெரும்பாலோர் தாமாக வாசிக்கத் தெரியாதவர்கள். யாரேனும் படித்துச் சொல்லக் கேட்டவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமையும் இழந்திருந்தவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தியின் மகன் அந்த அடுப்படியில் நின்றிருந்தால்?

வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது 2021 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. நல்ல காரியம். ஆனால் அவ்வாண்டிலேயே மலையகத் தோட்டமொன்றிலிருந்து கொழும்பு வீட்டுக்குப் போன ஒரு சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையில் மாண்டாள் என்பதை நாடே அறியும். அவளுடைய தாயின் முகத்தைத் தொலைக்காட்சியிற் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தாயின் பெயரை நாம் எழுதப் போவதில்லை. அவள் போதிய அளவு காட்டப்பட்டுவிட்டாள்.

கொலை, வெளியூரில் அன்றிக் குடும்பத்துக்குள்ளேயே, லயத்துக்குள்ளேயே நடந்துவிட்டால் என்ன ஆகிறது? இதைப் பற்றித்தான் நாம் முக்கியமாகச் சொல்ல எண்ணினோம். கொழும்பு வழக்கு முடிந்தபோது ஒவ்வொருவருக்கும் போக ஓர் இடம் இருந்தது. கணவர் சிங்கப்பூர் போகலாம். வேலைக்காரன் ஊர் போகலாம். உறவினர் வாசலை அடைத்துக்கொள்ளலாம். தோட்டத்திலே அது இயலாது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரையிலேயே கூரை. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள் ஒன்றோடொன்று முதுகு ஒட்டியும் தோள் ஒட்டியும் நிற்கின்றன. ஒரு சுவருக்கு இப்பால் இறந்தவளின் தாய். அப்பால் கொன்றவனின் தாய். தண்ணீர் பிடிக்க ஒரே பீலி. காலையிற் பிரட்டுக்களத்தில் இருவரும் ஒரே வரிசை. கொழுந்து நிறுக்க ஒரே தராசு.

இன்னும் ஒன்று. நமது மக்களிடையே மாமன் மகளையும் அத்தை மகனையும் மணம் முடிப்பது பரம்பரை வழக்கம். ஆகவே கொன்றவனின் தாயும் இறந்தவளின் தாயும் பெரும்பாலும் அந்நியர் அல்லர். ஒருத்தி மற்றவளின் நாத்தனார். தான் பெற்ற மகன் கொன்றது தன் உடன்பிறந்த அண்ணனின் மகளை. இந்த நிலையில் அவள் எந்த வீட்டு இழவுக்குப் போவாள்? ஒப்பாரி வைக்க உரிமை உண்டா? வைக்காமல் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? சட்டப் புத்தகத்தில் இதற்கு விதியில்லை. சாதி வழக்கத்திலும் இல்லை.

நமக்குத் தெரிந்த ஒரு லயத்தில் இப்படியே நடந்தது. தோட்டத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டா. குடியும் சந்தேகமும் சேர்ந்து ஓர் இரவு நடந்த காரியம். இறந்தவளுக்கு இரண்டு குழந்தைகள். இளையது பிள்ளைக் காம்பராவில் விடும் வயது. அவன் அன்றே பிடிபட்டான். விடிந்ததும் பதுளை நீதவான் வந்து பார்வையிட்டார். உடல் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டுச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை முடிந்து திரும்பியது. அதுவரையிலே எல்லாம் வேகமாக நடந்தன. பிறகு வழக்கு நத்தையாய் ஊர்ந்தது. கொலை வழக்கில் மேல் நீதிமன்ற நீதிபதியன்றி வேறொருவரும் பிணை வழங்க முடியாது. நீதவான் விசாரணை, சட்டமா அதிபரின் குற்றப்பத்திரம், மேல் நீதிமன்றத் தவணைகள் என்று ஆண்டுகள் போயின.

இரண்டு தாய்மாரும் சாட்சிகள். இருவருக்கும் ஒரே நாளில் கட்டளை வரும். ஒரே காலை பஸ்ஸில் ஏற வேண்டும். வேறு பஸ் இல்லை. ஒருத்தி முன் ஆசனத்திலும் மற்றவள் கடைசி ஆசனத்திலும் உட்காருவார்களாம். நீதிமன்றம் போன நாளில் தோட்டத்தில் பேர் விழாது. 2024 செப்டெம்பரில் நாட் சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்ட பிறகு, ஒரு தவணைக்குப் போனால் அத்தனை ரூபாவும் பஸ் செலவும் நட்டம். வழக்குத் தவணை போடப்பட்டால் இரண்டும் வீண். குற்றத்துக்கு இலக்கானவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உதவவும் பாதுகாப்பளிக்கவும் 2015 இல் ஒரு சட்டம் வந்தது. 2023 இல் அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. அந்தச் சட்டம் தங்களுக்கும் உரியது என்று அந்த இருவருக்கும் எடுத்துச் சொன்னவர் ஒருவருமில்லை.

நீதிமன்றத்தின் மொழி சிங்களம். மொழிபெயர்ப்பாளர் உண்டு, அந்நாளில் அவரை முதலியார் என்பார்கள். தாய் சொல்லும் நீண்ட வாக்கியம் அவர் வாயிலே சிறு வாக்கியமாகி வரும். "அவன் என் கையால சோறு வாங்கித் தின்னுட்டுத்தான் சேர் போனான், அப்பகூட ஒண்ணும் தெரியல்ல" என்று சொன்னால், 'இரவு உணவு உண்டான்' என்று பதியப்படும். அதற்கு மேல் நீதிமன்றத்துக்குத் தேவையுமில்லை. ஆனால் அந்தத் தாய்க்கு வழக்கே அந்தச் சோற்றில்தான் இருக்கிறது.

ஒரே ஒரு சொல்லுக்கு மாத்திரம் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை. தமிழில் நாம் மரண தண்டனை என்பதைச் சிங்களத்திலும் ஏறக்குறைய அதே ஒலியில்தான் சொல்கிறார்கள். விளக்குகள் அணைக்கப்பட்டு, மின்விசிறிகள் நிறுத்தப்பட்டு, எல்லோரும் எழுந்து நிற்க, நீதிபதி அதை வாசித்தபோது அந்த முதியவளுக்கு நேராகவே விளங்கிவிட்டது. 1976 ஆம் ஆண்டு யூன் மாதத்துக்குப் பின் இந்நாட்டில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. தீர்ப்பு வாசிக்கப்படும், கைதி சிறையிலேயே இருப்பான். சட்டம் படித்தவர்க்கு இது சாதாரண செய்தி. அவளுக்கு இதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. மகனை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தூக்கிவிடுவார்கள் என்றே நம்பி வீடு வந்தாள். மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. நான்காம் நாள் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைதான் கைப்பேசியிலே தேடிப் பார்த்து, "அப்படிச் செய்யமாட்டாங்க அப்பாயி" என்று சொல்லியது.

இறந்தவளின் தாயைக் குறித்து நாம் கேள்விப்பட்டது வேறு. தீர்ப்பன்று அவள் அழவுமில்லை, மகிழவுமில்லை. வெளியே வந்து, "இதுக்கா இத்தனை வருசம்?" என்று கேட்டாளாம். மகளுக்கு நீதி கிடைத்தது என்று ஆறுதல் சொன்னவர்களை அவள் வெறுப்போடு பார்த்தாள் என்றார்கள். தண்டிக்கப்பட்டவன் அவள் தோளிலே தூக்கி வளர்த்த மருமகன். அவளுக்குக் கோபம் இல்லையென்று எவரும் எண்ண வேண்டா. கோபம் நிறைய இருந்தது. ஆனால் அந்தக் கோபம் ஒரு பக்கமாய்ப் பாயக்கூடியதாக இல்லை. பிள்ளைகள் இருவரின் முகத்திலும் மகளின் சாயலும் அவனுடைய சாயலும் கலந்திருக்கையில், யாரை முழுவதும் வெறுப்பது?

குழந்தைகள் தாயின் தாயிடமே இருக்கிறார்கள். மூத்த பையன் இப்பொழுது நம்மிடம் படிக்கும் வகுப்புக்கு வந்துவிட்டான். அதனால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது. வகுப்பிலே ஒரு முறை, சான்றுச் சட்டத்தைப் பற்றிப் பேசுகையில் சதாசிவம் வழக்கை உதாரணமாக எடுத்தோம். மற்றவர்கள் எல்லாம் எசமானா வேலைக்காரனா என்று சண்டையிட்டார்கள். அவன் எழுந்து, "அந்த நாலு பேருக்கும் யார் சேர் சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டான். எதைச் சொல்வது என்று அவன் விளக்கவில்லை. நமக்கு விளங்கியது. அம்மா எங்கே என்று கேட்ட குழந்தைக்கு முதன்முதலாக வாய்திறந்து பதில் சொல்ல நேர்ந்தவர் ஒருவர் இருந்திருக்க வேண்டுமல்லவா? அவன் வீட்டில் அந்த வேலை அவனுடைய அம்மாயிக்கு விழுந்தது. "அம்மாவ அப்பா அடிச்சிட்டாரு, அம்மா வரமாட்டா" என்று அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாளாம். பொய் சொன்னால் லயத்திலே நாளைக்கே வேறு யாராவது உண்மையைச் சொல்லிவிடுவார்கள் என்பது அவளுடைய கணக்கு. படித்த நாம் இதைவிட நல்ல வழியைக் கண்டிருப்போமா என்பது சந்தேகமே.

இரண்டு கிழவிகளும் ஏழு ஆண்டுகள் பேசிக்கொள்ளவில்லை. பீலியிலே ஒருத்தி குடத்தை வைத்திருந்தால் மற்றவள் தள்ளி நிற்பாள். ஆனால் சம்பளத்துக்கு மறுநாள் காலையில், பையனுடைய வீட்டு வாசற்படியில் ஒரு பால்மாப் பைக்கற்று இருக்கும். வைத்தது யாரென்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கேட்பதில்லை. முதல் மாதம் அம்மாயி அதை எடுத்து வீசிவிட்டாள். இரண்டாம் மாதமும் வீசினாள். மூன்றாம் மாதம் இளைய குழந்தைக்குக் காய்ச்சல். வீசவில்லை.

அப்பாயி இப்போது மலையேறி வேலைக்குப் போகும் நிலையில் இல்லை. பல்லேகலைச் சிறைக்கு மகனைப் பார்க்கப் போவதும் நின்றுவிட்டது. இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, கம்பிக்கு அப்பால் சில நிமிடம் பார்த்துவிட்டு இரவிலே திரும்ப அவள் முழங்கால்கள் இடங்கொடுக்கவில்லை. சென்ற தீபாவளிக்கு முன்தினம் அம்மாயி சுவரோரமாக நின்று, அப்பாலுள்ள காம்பராவைப் பார்த்து, உரத்த குரலில், "மதினி, பெரியவன் கண்டிக்குப் போறானாம். அப்பனைப் பாக்கணுமாம். குடுக்க ஏதும் இருந்தா குடுத்து விடு" என்றாளாம்.

ஒரு பையில் முறுக்கும், ஒரு சவர்க்காரமும், இரண்டு சாரமும் வந்தன. பையன் அதை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலே போனான்.